நியானுக்குப் பக்கத்துக் கோடு

ஒரு மனிதரைப் பதினான்கு வருடம் விடாமல் வெறுப்பது லேசான வேலை இல்லை. நடுவில் அலுப்பு தட்டும், வேறு கவலைகள் வந்து சேரும், சில நாள் மறந்தேகூடப் போகும். நான் மறக்கவில்லை. காலையில் எங்கள் ஊரான செலியமேட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாகூர் வழியாகக் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் பாதியை அவரோடு பேசித்தான் கழித்து வந்தேன். அவருக்கு வாயைத் திறக்க அனுமதி கிடையாது, நான் மட்டும் பேசுவேன். ஹெல்மெட்டுக்குள் என் வாய் அசைவது அரியாங்குப்பம் சிக்னலில் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் குணம். வரப்பை ஒரு முழம் வெட்டித் தள்ளிய பங்காளி வீட்டு விசேஷம் எதற்கும் அப்பா கடைசி வரை போகவில்லை. அவர் போன பிறகு அம்மா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு இன்று வரை குறைவில்லாமல் நடத்தி வருகிறாள். அந்த வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் அவளுக்கு உடனே செருப்பு வார் அறுந்துவிடும், குனிந்துகொள்வாள்.

நான் வெறுத்தவர் என் முதல் கைடு. வேறு மாநிலத்தில், பெரிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில், மிகப் பிரகாசமான கேலக்ஸிகளைப் பற்றி ஆராய்ந்து வந்த பெரிய மனிதர். கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டிலிருந்து அவரிடம் பிஎச்.டி. செய்யப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அவர் எழுதிய கட்டுரைகளை அதற்கு முன்பே வரிக்கு வரி படித்திருந்தேன். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

அந்தக் கேலக்ஸிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்முடையதைப் போல நூறு கேலக்ஸிகளின் ஒளியை ஒன்றே விடக்கூடியவை அவை. ஆனால் சாதாரணத் தொலைநோக்கியில் மங்கலாகத்தான் தெரியும். உள்ளே உண்டாகும் ஒளியைத் தூசி விழுங்கி, சூடாகி, அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. வில்லியனூர்ப் பக்கம் செங்கல் சூளை எரியும்போது வெளிச்சுவரில் கை வைத்தால் சூடு தெரியும், உள்ளே போட்டிருப்பது விறகா உமியா என்பது தெரியாது. எங்கள் கேள்வியும் அதுதான். உள்ளே கும்பல் கும்பலாகப் புது விண்மீன்கள் பிறந்து எரிகின்றனவா, அல்லது ஒரு பெரிய கருந்துளை பொருளை இழுத்து விழுங்கும்போது உண்டாகும் தீயா?

அதைக் கண்டுபிடிக்க அகச்சிவப்புக் கதிரை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து நிறமாலையாக வரைந்து பார்ப்போம். அதில் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஒரு கோடு போட்டிருக்கும். எங்களுக்கு முக்கியமான கோடு, நான்கு எலக்ட்ரான்களை இழந்த நியானுடையது. புது விண்மீன்களுக்கு நியானிடமிருந்து நான்கைப் பிடுங்கும் பலம் கிடையாது. கருந்துளையைச் சுற்றி எரியும் தீக்குத்தான் உண்டு. நியான் கோடு இருந்தால் உள்ளே கருந்துளை இருக்கிறது, வழக்கு முடிந்தது. தொல்லை என்னவென்றால், நியானுக்கு ஒட்டினாற்போலப் பக்கத்திலேயே குளோரினின் கோடு ஒன்று இருக்கிறது. அதைச் சாதாரண விண்மீன்களே போட்டுவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கேலக்ஸிகள் நம்மை விட்டு விலகிப் போவதால் கோடுகள் எல்லாம் தம் இடத்திலிருந்து தள்ளித் தெரியும். எவ்வளவு தள்ளி என்பதற்கு ஓர் எண் உண்டு, அதை விலகல் எண் என்போம். அந்த எண் சரியாக இருந்தால்தான் எந்தக் கோடு எது என்று சொல்ல முடியும். அது ஒரு துளி பிசகினாலும் குளோரின் வந்து நியானின் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாம் வருடம் எனக்கு ஒரு கேலக்ஸி கிடைத்தது. பட்டியலில் அதற்கு ஒரு நீளமான எண்தான் உண்டு, பெயர் கிடையாது. தூசி மிக அதிகம் என்பதால் அதன் விலகல் எண்ணை யாரும் ஒழுங்காக அளந்திருக்கவில்லை. பழைய விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில் நியான் வர வேண்டிய இடத்தின் பக்கம் ஒரு சிறு புடைப்பு இருந்தது. தெளிவான கோடு அல்ல, புடைப்புதான். நான் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டி, விலகல் எண்ணை நானே கணக்கிட்டு, அது நியான் என்று முடிவு செய்தேன். உள்ளே கருந்துளை இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் நான்தான். வாராந்திரக் கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னேன்.

அவர் விண்மீன்கள் கட்சி. அப்படிப்பட்ட கேலக்ஸிகளில் பெரும்பாலானவை விண்மீன்களால்தான் எரிகின்றன என்று பத்து வருடமாக எழுதி வந்தவர். திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அது குளோரின் என்றார். ஏன் என்று கேட்டேன். காரணம் சொல்லவில்லை. உங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் மாதம் ஒரு தடவையாவது குளோரின் போடுவார்களே, அதன் வாசனைகூடவா தெரியாது என்று ஆங்கிலத்தில், மெதுவாக, சிரித்துக்கொண்டே கேட்டார். கூட்டத்தில் இருந்த பதினைந்து பேரும் சிரித்தார்கள். என்னோடு விடுதி அறையில் இருந்தவளும் சிரித்தாள்.

நான் உட்காரவில்லை. காரணம் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டேன். அதுதான் நான் செய்த குற்றம். அடுத்து வந்த கட்டுரையில் என் பெயர் இல்லை. உதவித்தொகை நீட்டிப்புக் கடிதம் அவர் மேசையில் கையெழுத்து இல்லாமலே கிடந்து காலாவதியானது. பெட்டியைக் கட்டிக்கொண்டு விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் வில்லியனூர் வந்து நின்றேன். அண்ணன் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டான். வழி நெடுக ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் மற்றவர்கள் கேட்டார்கள். படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்பதிலிருந்து, அங்கே எவனோடோ ஏதோ ஆகிவிட்டது என்பது வரைக்கும் பல கதைகள் ஓடின. எல்லாவற்றுக்கும் ஒரே ஆளைத்தான் பொறுப்பாக வைத்தேன்.

பிறகு புதுச்சேரியிலேயே வேறு ஒருவரிடம் வேறு தலைப்பில் பட்டம் முடித்தேன், கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். ஆனால் கேலக்ஸிகளை விடவில்லை. தொலைநோக்கிகள் எடுத்த தரவுகளைக் கொஞ்ச காலம் கழித்து எல்லாருக்கும் திறந்துவிடுகிறார்கள். செலியமேட்டில் ஒரு மடிக்கணினியும் இணையமும் இருந்தால் போதும். மாடி அறையில் உட்கார்ந்து வருடத்துக்கு ஒன்று என்று கட்டுரைகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் அவர் பழைய கட்டுரைகளில் விட்ட ஓட்டை ஏதாவது ஒன்றை, மரியாதையான மொழியில், அடிக்குறிப்பு அளவுக்காவது குத்திக்காட்டாமல் விட்டதில்லை. அவர் ஒருமுறையும் பதில் எழுதவில்லை.

போன தை மாதம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஓர் ஆய்விதழின் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு கட்டுரை வந்திருக்கிறது, நடுவராக இருந்து மதிப்பிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார். நடுவர் யார் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாது, அதுதான் எங்கள் துறை வழக்கம். கட்டுரைத் தலைப்பில் அந்தக் கேலக்ஸியின் எண் இருந்தது. என் கேலக்ஸி. எழுதியவர்கள் பட்டியலில் முதல் பெயர் யாரோ ஒரு மாணவியுடையது, அதை நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. கடைசிப் பெயர் அவருடையது.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: எழுதியவர்களோடு உங்களுக்கு ஏதேனும் நட்போ பகையோ உண்டா? இல்லை என்று அழுத்தினேன். யோசிக்கவே இல்லை. இப்போது எழுதும்போதும், யோசித்திருந்தால் வேறு பதில் அழுத்தியிருப்பேன் என்று பொய் சொல்ல விருப்பமில்லை.

கட்டுரையைத் திறந்தேன். புதிய விண்வெளித் தொலைநோக்கி எடுத்த நிறமாலை, பழையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. புடைப்பு இருந்த இடத்தில் இப்போது ஊசி போல ஒரு கோடு. அது நியான் என்று எழுதியிருந்தார்கள். தூசிக்குள் மறைந்திருந்த கருந்துளையை முதன்முறையாகக் கண்டுபிடித்திருப்பதாக எழுதியிருந்தார்கள். அந்தக் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வாயுவைப் பெருங்காற்றாக ஊதித் தள்ளுகிறது என்பதும் கூடுதல் கண்டுபிடிப்பு.

முதன்முறையாக. அந்தச் சொல்லை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பதினைந்து பேரைச் சிரிக்க வைத்து என்னை வெளியே தள்ளிய அதே விஷயத்தைத் தன் கண்டுபிடிப்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறார். நன்றி சொல்லும் பத்தியில் கணினிப் பிரிவுக்காரர்கள் பெயர்கூட இருந்தது, என் பெயர் இல்லை. கீழே போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தேன். வெட்டுக்காரர்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி இருக்குது?"

"அந்த ஆளு கட்டுரை எங்கிட்ட வந்திருக்குது. பாஸா ஃபெயிலான்னு நான்தான் சொல்லணும்."

எந்த ஆள் என்று அம்மா கேட்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"உட்றாத," என்றாள்.

அந்த வாரம் முழுவதும் விடவில்லை. கல்லூரியிலிருந்து வந்ததும் மாடிக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு படத்தையும், ஒவ்வொரு அட்டவணையையும் பேன் பார்ப்பது போலப் பார்த்தேன். மாணவி வேலையைச் சுத்தமாகத்தான் செய்திருந்தாள், எங்கும் பிடி கிடைக்கவில்லை. அது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடைத்தது. ஹைட்ரஜன் வாயுவின் கோடுகள் ஆறை அவர்கள் அட்டவணையில் கொடுத்திருந்தார்கள். ஆறும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரே அளவு தள்ளி இருந்தன. இதைத்தான் பெருங்காற்று என்று எழுதியிருந்தார்கள், வாயு நம்மை நோக்கி வீசுவதால் கோடு தள்ளியிருக்கிறதாம். காற்று வீசினால் கொஞ்சம் வாயு வீசும், மிச்சம் அங்கேயே நிற்கும். இங்கே நிற்கும் வாயு என்று ஒரு துளி இல்லை. ஒரு தெரு முழுக்க நாலடி கிழக்கே நகர்ந்திருப்பதாகத் தெரிந்தால் தெரு நகரவில்லை, நாம் அளக்க நின்ற இடம்தான் தவறு. விலகல் எண் தப்பு. அதைத் திருத்திப் போட்டேன். ஆறு கோடுகளும் சொந்த இடத்தில் போய் உட்கார்ந்தன. காற்று நின்றது. நியான் என்று சொன்ன கோடு மட்டும் நகர்ந்து குளோரினின் மேல் போய்ப் பொருந்தியது, நூல் பிசகாமல்.

நான் சத்தமாகச் சிரித்தேன். கருந்துளையும் போயிற்று, காற்றும் போயிற்று, முதன்முறையும் போயிற்று. இருக்கையை விட்டு எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன். மூன்றாவது சுற்றில்தான் உறைத்தது. அது குளோரின் என்றால், பதினான்கு வருடம் முன்னாலும் அது குளோரின்தான். அன்று அவர் சொன்னது சரி. காரணமில்லாமல், கொழுப்பெடுத்துச் சொன்னது, ஆனால் சரி.

அதோடு முடியவில்லை. அந்தத் தப்பான விலகல் எண்ணை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கட்டுரையில் குறிப்பு இல்லை. நான்கு தசம இடம் வரை கொடுத்திருந்த அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். அது என்னுடையது. நான் விட்டு வந்த கணினிக் கோப்பில் நான் போட்டு வைத்த எண். எப்படிக் கணக்கிட்டேன் என்பதும் நினைவுக்கு வந்தது. வேறு தெளிவான கோடு எதுவும் கிடைக்காமல், புடைப்பை நியான் என்று வைத்துக்கொண்டு விலகல் எண்ணைப் பிடித்தேன். பிறகு அந்த எண்ணைக் காட்டி, பார்த்தீர்களா, புடைப்பு நியானில்தான் விழுகிறது என்று நிரூபித்தேன். இருபத்தாறு வயதுக்காரிக்கு அது தெரியவில்லை. பதினான்கு வருடம் கோபப்பட்டவளுக்கும் தெரியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். கட்டுரை அப்படியே வெளிவந்தால் நான் அன்று சொன்னது உலகத்துக்கு உண்மையாகியிருக்கும். அல்லது ஆசிரியருக்கு, இந்த எண் என்னுடையது, நான் நடுவராக இருப்பது முறையல்ல என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். நான் மூன்றாவதைச் செய்தேன். அவரை அடிக்கக் கையில் கிடைத்த ஒரே கட்டை என் தப்புதான், சரி, அதைக்கொண்டே அடிப்போம் என்று தோன்றியது. பெயரில்லாத நடுவராக உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். விலகல் எண்ணின் மூலத்தைக்கூடச் சொல்லாமல் பயன்படுத்தியது வெட்கக்கேடு என்று எழுதினேன். இது அடிப்படைப் பயிற்சிகூட இல்லாதவர் செய்யும் பிழை என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை எழுதி, அழித்து, இன்னும் கூர்மையாக்கித் திரும்ப எழுதினேன். இதை வெளியிடக் கூடாது என்று முடித்து அனுப்பினேன்.

இனித்தது. அதை மறைக்க மாட்டேன். இரண்டு மாதம் இனித்தது. ஸ்கூட்டரில் போகும்போது அவரோடு பேச வேண்டிய தேவையே இல்லாமல் போனது, முதல் தடவையாகச் சாலை ஓரத்து வயல்களைப் பார்த்துக்கொண்டு போனேன். கட்டுரை நிராகரிக்கப்பட்டது என்று ஆசிரியர் தகவல் அனுப்பிய அன்று அம்மாவுக்குச் சொன்னேன். அன்று மாலையே கடைக்குப் போய்க் கறி வாங்கி வந்து குழம்பு வைத்தாள்.

பங்குனியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவள் கட்டுரையின் முதல் பெயர்க்காரி, அந்த மாணவி. நான் நடுவர் என்று அவளுக்குத் தெரியாது, ஒரு காலத்தில் அதே குழுவில் இருந்தவள் என்பதும் தெரியாது. இந்தக் கோடுகளைப் பற்றி நான் எழுதியவற்றைப் படித்திருக்கிறாள், அதனால் உதவி கேட்டு எழுதியிருந்தாள். நடந்ததை வரிசையாகச் சொல்லியிருந்தாள். விலகல் எண் குழுவின் பழைய கோப்பில் இருந்ததாம். புதுத் தரவை வைத்து அதைச் சரிபார்க்கட்டுமா என்று கைடைக் கேட்டாளாம். வேண்டாம், அதைப் போட்டவள் என்னிடம் வந்தவர்களிலேயே கணக்கில் தப்பு செய்யாத ஒரே ஆள், அந்தக் கோடு விஷயத்தில் அன்றைக்கு அவள்தான் சரி, நான்தான் கேட்கவில்லை என்றாராம். பெயர் சொல்லவில்லையாம். நடுவர் அறிக்கை வந்ததும், கவனக்குறைவு முழுவதும் இவளுடையது என்று வாராந்திரக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னாராம். இப்போது உதவித்தொகை நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். கடைசிப் பத்தியில் என் அறிக்கையிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். அடிப்படைப் பயிற்சிகூட இல்லாதவர் செய்யும் பிழை. இது உண்மையா, நான் இந்தத் துறையை விட்டுப் போய்விடுவது நல்லது என்று உங்களுக்குத் தோன்றுகிறதா என்று கேட்டிருந்தாள்.

அன்றைக்கு அவள்தான் சரி. அந்த ஒரு வாக்கியத்தை அந்த மனிதர் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் பதினான்கு வருடம் காத்திருந்தேன். அதை அவர் சொல்லியிருக்கிறார், என் முதுகுக்குப் பின்னால், பெயரில்லாமல், தவறான விஷயத்துக்காக. எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. இதை அன்றே என் முகத்துக்கு நேராகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கோபம் இரட்டிப்பானது. ஒரு வரி நன்றி எழுதியிருந்தால் நான் போன் செய்து என் எண்ணைச் சரிபாருங்கள் என்று சொல்லியிருப்பேன். இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

ஆனால் இந்தத் தடவை கூட்டத்தில் நின்றவள் வேறு ஒருத்தி. அவளை நிற்க வைத்தது அவர் மட்டும் இல்லை.

மூன்று பேருக்கும் ஒரே கடிதமாக எழுதினேன், ஆசிரியருக்கு, கைடுக்கு, அந்தப் பெண்ணுக்கு. அந்த விலகல் எண்ணைப் போட்டவள் நான். தப்பு என்னுடையது, இவளுடையது அல்ல. கட்டுரையை மதிப்பிட்ட நடுவரும் நான்தான், பகை உண்டா என்ற கேள்விக்குப் பொய் சொன்னேன். இவள் சரிபார்க்கட்டுமா என்று கேட்டவள், இவளைத் தடுத்தது யார் என்பது கைடுக்குத் தெரியும். இவ்வளவுதான் எழுதினேன், ஒரு உரிச்சொல்கூடப் போடவில்லை. எழுதி முடித்ததும் அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு பைத்தியம் புட்ச்சிகிச்சி," என்று சொல்லிவிட்டு அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆசிரியர் இரண்டு நாளில் பதில் அனுப்பினார். நடுவர் பட்டியலிலிருந்து என்னை நீக்கியிருப்பதாக, மிகவும் மரியாதையாக. கைடிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்தப் பெண்ணின் பதில் ஒரு வாரம் கழித்து வந்தது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, ஒரே வரி. "அது உங்கள் எண் என்பது அந்த அறிக்கையை எழுதும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று எழுதினேன்.